பிள்ளை உள்ளமும் பெரியோர் துணையும்

உடற்பிணி கண்டால் மருந்து தேடி ஓடும் நாம், உள்ளப்பிணி கண்டால் அதனை மறைக்கவே முற்படுகின்றோம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அயலார் அனைவர்க்கும் சொல்லிக் கைமருந்து கேட்கின்றோம். பொழுது விடியுமுன் வைத்தியசாலை வாயிலில் நிற்கின்றோம். அதே பிள்ளை சரிவர உண்ணாமலும் உறங்காமலும் ஒருவரோடும் பேசாமலும் ஒரு திங்கள் இருக்குமாயின், ‘பிடிவாதம்’ என்கின்றோம், ‘சோம்பல்’ என்கின்றோம், தோட்டப்புறமாயின் கோடாங்கி பார்த்து நூல் கட்டி அமைகின்றோம். அங்கொடை என்னும் ஊர்ப்பெயரே நம் நாட்டில் ஒரு வசைச்சொல்லாக வழங்கிவிட்டது. அங்குள்ள வைத்தியசாலை இன்று தேசிய மனநல நிறுவகமாகத் திகழ்கின்றது. உளநோய்க்குரிய சிகிச்சையும் மாவட்ட வைத்தியசாலைகள் வரை பரவியுள்ளது. எனினும், பழைய அச்சம் அகன்றபாடில்லை.

எஹலியகொடப் பகுதியில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் என்ற முறையில், சிறுவர்தம் உளநலம் எவ்வாறு கெடுகின்றது, எவ்வாறு பேணப்படுகின்றது, அதன்கண் வைத்தியரல்லாத நம்மனோர்க்குள்ள பங்கு யாது என்பவற்றை இவ்விழா மலரில் விளக்க விரும்புகின்றேன்.

உளநலம் யாது?

உளநலம் என்பது நோயின்மை மட்டும் அன்று. பிள்ளை தன் வயதுக்கேற்ப விளையாடவும், கற்கவும், பிறரோடு பழகவும், துன்பம் வந்தவிடத்து அழுது பின்னர்த் தேறவும் வல்லதாயிருத்தலே உளநலமாம். துன்பம் அறியாத பிள்ளை உலகில் இல்லை. ஆயின், வந்த துன்பம் வாரக்கணக்கில் நீங்காது நின்று ஊணையும் உறக்கத்தையும் கல்வியையும் கெடுக்குமாயின், அங்கே பிறர் உதவி தேவை என்று அறிதல் வேண்டும்.

10 முதல் 19 வயது வரையுள்ளோரில் எழுவருக்கு ஒருவர் உளநலக் குறைபாட்டுடன் வாழ்கின்றார் என உலக சுகாதார தாபனம் கணித்துள்ளது. உளநோய்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு 14 வயதுக்கு முன்னரும், அரைப்பங்கு 18 வயதுக்கு முன்னரும் தலைகாட்டிவிடுகின்றன என்றும் அத்தாபனம் கூறும். இவ்வுலகக் கணக்கை நம் வகுப்பறைக்குப் பொருத்திப் பார்த்தால், 35 மாணவர் அமர்ந்திருக்கும் வகுப்பில் ஐவர் அத்தகையோராவர். அவ்வைவர் யாவர் என நாம் அறிவோமா?

அறிதல் எளிதன்று. வளர்ந்தோர் தம் துயரைச் சொல்லால் உரைப்பர். பிள்ளைகளோ உடலாலும் நடத்தையாலும் உரைப்பர். சிறு குழந்தை வயிறு வலிக்கின்றது, தலை வலிக்கின்றது என்னும். விட்டொழிந்த படுக்கை நனைக்கும் வழக்கம் மீண்டும் தொடங்கும். தாயின் சேலைத் தலைப்பை விடாது பற்றி நிற்கும். சற்று வளர்ந்த பிள்ளை பாடத்திற் கருத்தின்றி வெளியை நோக்கியிருக்கும். பதின்மூன்று, பதினான்கு வயதில் சினமும் முரட்டுத்தனமும் வெளிப்படும். அன்றேல் ஒருவரும் கவனியாவண்ணம் மௌனம் குடிகொள்ளும். கல்லெறியும் மாணவனைப் பாடசாலை முழுவதும் அறியும். கடைசி வாங்கில் வாய்திறவாது இருக்கும் மாணவியை ஒருவரும் அறியார். தொல்லை தராத பிள்ளையே சிலவேளை பெருந்துயர் சுமக்கும் பிள்ளையாகும்.

தோட்டப்புறத்துச் சூழல்

சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டத் தமிழ்க் குடும்பங்கள், நுவரெலியாப் பகுதியிற் போல ஓரிடத்தே திரண்டு வாழ்வன அல்ல. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் இறப்பரும் தேயிலையும் பயிராகும் தோட்டங்களிலே, சிங்களக் கிராமங்களுக்கிடையே இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும் லயங்களில் அவை வாழ்கின்றன. பால்வெட்டுக்குப் போகும் தாய் பொழுது புலரும்போதே மலையேறுகின்றாள். தந்தை மாணிக்கக்கல் அகழும் குழிக்கோ கொழும்புக் கடைக்கோ சென்றுவிடுகின்றார். தம்பியை எழுப்பி, முகங் கழுவி, பிள்ளைமடுவத்தில் விட்டபின் பாடசாலைக்கு ஓடிவரும் பத்து வயதுச் சிறுமி முதற்பாடத்துக்குப் பிந்திவிடுகின்றாள். பிந்தியமைக்காக அவளை வெயிலில் நிறுத்துவோமாயின், அவள் தலைமேலுள்ள சுமையின்மேல் நாமும் ஒன்று ஏற்றியவராவோம்.

பிரிவுத்துயர் இம்மக்களுக்குப் புதிதன்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இவர்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. பாட்டனார் ஒரு நாட்டிலும் பேரன் ஒரு நாட்டிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. 2003 ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோரின் நாடற்ற நிலைக்கு முடிவு கண்டது. ஆயினும் பிரிவு வேறு வடிவிலே தொடர்கின்றது. இன்று கடன் தீர்க்கவும் வீடு கட்டவும் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப்பணிக்குச் செல்லும் தாய்மார் பலர். அவர்தம் பிள்ளைகள் பாட்டியிடமோ சிற்றன்னையிடமோ வளர்கின்றனர்.

இயற்கையும் சிலவேளை பகையாகின்றது. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. 2016 மே 17 ஆம் நாள் நமது மாகாணத்திலேயே அரநாயக்கவில் மலை சரிந்தது. அதே காலத்துப் பெருமழையில் புளத்கொஹுப்பிட்டியத் தோட்டமொன்றிலும் மண் சரிந்து உயிர்கள் மாய்ந்தன. இத்தகைய இடங்களில் வளரும் பிள்ளைக்கு, கூரைமேல் விழும் மழையின் ஓசை வெறும் ஓசை அன்று. மழை இரைந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வாயிலை நோக்கும் பிள்ளையைக் கவனமற்றவன் என்று கடிதல் தகுமா?

அச்சம் கல்வியைத் தடுக்கும் வகை

அச்சம் தோன்றியதும் இதயம் விரைந்தடிக்கின்றது, மூச்சுக் குறுகுகின்றது, அதிரினலீன், கோட்டிசோல் முதலிய சுரப்புகள் குருதியில் மிகுகின்றன. பாம்பைக் கண்டு விலகி ஓடுதற்கு இவ்வேற்பாடு மிக நன்று. பாம்பு போனதும் உடல் தானே அமைதியுறும். ஆனால், குடித்துவரும் தந்தையின் காலடியோசைக்கு இரவுதோறும் செவிசாய்த்துக் கிடக்கும் பிள்ளைக்கு இவ்வேற்பாடு ஓய்வதேயில்லை. அப்பிள்ளையின் உள்ளம் பகலிலும் காவலிருக்கின்றது. காவலிருக்கும் உள்ளத்திற் பாடம் புகாது. ‘எத்தனை முறை சொல்லியும் மண்டையில் ஏறவில்லை’ என்று நாம் சலித்துக்கொள்ளுமிடத்துப் பலகால் குறைந்திருப்பது அறிவன்று, அமைதியே.

இது விளங்கின், பிரம்பு ஏன் மருந்தாகாது என்பதும் விளங்கும். அஞ்சியிருக்கும் உள்ளத்துக்குப் பிரம்பு மற்றுமோர் அச்சத்தையே நல்கும். கல்வி அமைச்சு 2005 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கையாற் பாடசாலைகளில் உடற்றண்டனையை விலக்கியமை இரக்கம் பற்றி மட்டும் எழுந்ததன்று. கற்பித்தல் பயன்தரவேண்டும் என்பதற்கும் அது பொருந்துவதே.

ஒருவர் வேண்டும்

பிரிவு பிள்ளையை எவ்வாறு தாக்குகின்றது என்பதை மேலைநாட்டு உளநூலார் இரண்டாம் உலகப் போரின்பின் ஆழ்ந்து ஆராய்ந்தனர். ஆங்கில உளமருத்துவர் யோன் போல்பி, உலக சுகாதார தாபனத்தின் வேண்டுகோளின்படி 1951 இல் வெளியிட்ட அறிக்கையில், குழந்தைக்கு உணவு எத்துணை இன்றியமையாததோ, தாயோடு அல்லது தாயின் நிலையில் நிலைபேறாக நிற்கும் ஒருவரோடு உள்ள அன்புத் தொடர்பும் அத்துணை இன்றியமையாதது என்று காட்டினார். இதனைச் சிலர் தாய்மாரைப் பழிக்கும் கருவியாக்கினர். பின்னர் 1972 இல் மைக்கேல் ரட்டர் என்னும் அறிஞர் இவ்வாராய்ச்சியை மீள நோக்கி, பிரிவு ஒன்றே கேடு செய்வதன்று. பிரிவின் முன்னும் பின்னும் வீட்டில் நிகழும் பூசலும், பிரிவின்பின் பிள்ளையை எவர் எவ்வாறு பேணுகின்றனர் என்பதுமே பெரிதும் நோக்கத்தக்கவை என்று தெளிவுறுத்தினார். பிள்ளை ஒருவரோடன்றிப் பலரோடும் பற்றுக்கொள்ள வல்லது என்பதும் அவர் கூறியதே. ஆதலின், வறுமையால் நாடுவிட்டுச் சென்ற தாயைத் தூற்றுதல் பிள்ளைக்கு எவ்வாற்றானும் உதவாது. அவள் சென்றபின் அப்பிள்ளைக்கு யார் உளர் என்று கேட்பதே அறிவுடைமை.

இக்கேள்விக்கு விடை தருவது ஒரு தோட்டத் தீவு. ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய கவாயிலே கரும்பும் அன்னாசியும் பயிரிடப்பட்டன. யப்பான், பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தோரின் வழித்தோன்றல்கள் அங்குப் பலர். அத்தீவில் 1955 ஆம் ஆண்டிற் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வேர்ணர், ரூத் சிமித் என்னும் அம்மையார் இருவரும் தம் குழுவினரோடு நாற்பது வயதுவரை தொடர்ந்து நோக்கினர். அவருள் மூன்றிலொரு பங்கினர் வறுமை, பெற்றார் பூசல், குடி, பெற்றாரின் உளநோய் முதலிய பல இடர்களுக்கிடையே பிறந்து வளர்ந்தோர். அத்தகையோர் அனைவரும் கெட்டழிவர் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால், அவருள்ளும் மூவரில் ஒருவர் தன்னம்பிக்கையும் பிறர்பால் அன்பும் உடையவராக வளர்ந்தனர். இளமையில் வழிதவறியோரிலும் பெரும்பாலார் நாற்பது வயதாகுமுன் சீர்ப்பட்டனர்.

இவ்வாறு தேறியோர்க்கு வாய்த்தது யாது? செல்வமன்று. பெற்றாரோ, பாட்டியோ, தமக்கையோ, அயலாரோ, ஆசிரியரோ, எவரேனும் ஒருவர் அவர்களைக் கைவிடாது நின்றிருந்தார் என்பதே ஆய்வு கண்ட உண்மைகளுள் தலையாயது. தமக்கு ஊக்கமளித்தவராக ஓர் ஆசிரியரைச் சுட்டியோர் பலர்.

இவ்வுண்மை நமக்குப் புதிதும் அன்று. காவிரி பெருகியதால் தாய் வந்துசேர இயலாதிருந்த மகளுக்கு, இறைவனே தாயுருக் கொண்டு வந்து பேறு பார்த்தான் என்பது திருச்சிராப்பள்ளித் தலவரலாறு. அதனாலன்றோ அவன் தாயுமானவன் எனப் பெயர் பெற்றான்! தாய் வர இயலாதவிடத்துத் தாயாக நிற்க ஒருவர் வேண்டும் என்பதை நம் முன்னோர் கோயிற் கதையாகவே வைத்துச் சென்றுளர்.

பிள்ளையைத் தாங்கக் குடும்பத்தைத் தாங்குக

பிள்ளையை மட்டும் தனியே எடுத்துத் திருத்திவிடலாம் என எண்ணுதல் பிழையாகும். தாய் உளச்சோர்வுற்றிருப்பின் மகவு வாடும். தந்தையின் குடி தணியாதவரை மகனின் அச்சம் தணியாது. பெற்றார்க்குச் செய்யும் உதவி பிள்ளைக்குச் செய்யும் உதவியே.

பாக்கித்தானின் இராவல்பிண்டிப் பகுதிக் கிராமங்களில் நிகழ்ந்ததொன்று இதற்குச் சான்று. கருவுற்ற காலத்தே உளச்சோர்வுற்றிருந்த 903 தாய்மாரை இரு பகுதியினராக்கி, ஒரு பகுதியினரை அவ்வூர்ச் சுகாதாரப் பணிப்பெண்கள் வீடுதேடிச் சென்று, பயிற்றப்பட்ட முறையில் உரையாடி, மனத்தளர்ச்சியான எண்ணங்களை மெல்ல மாற்ற உதவினர். அப்பணிப்பெண்கள் வைத்தியரல்லர், இடைநிலைக் கல்வி மட்டும் பெற்றோர். குழந்தை பிறந்து ஆறாம் மாதத்தில் நோக்கியபோது, இவ்வுதவி பெற்ற தாய்மாரில் 23 சதவீதத்தினரும், பெறாதோரில் 53 சதவீதத்தினரும் உளச்சோர்வுடன் இருந்தனர். உதவி பெற்றோரின் குழந்தைகளுக்கு வயிற்றோட்டமும் குறைந்திருந்தது. 2008 இல் வெளிவந்த இம்முடிபு, நம் தோட்டங்களுக்கு வந்துபோகும் மருத்துவமாதர் எத்துணைப் பெரும்பணி ஆற்றவல்லர் என்பதைக் காட்டுகின்றது. குழந்தையின் நிறையைக் கேட்குமுன் ‘நீ நன்றாக உறங்குகின்றாயா, அம்மா?’ என்று தாயைக் கேட்டல் ஒரு மருத்துவமே.

குடியும் அத்தகைத்தே. அதனைப் பழிக்கத்தக்க தீயொழுக்கமாக மட்டும் நோக்கின், குடிப்பவர் மறைவார். குடும்பமும் அவரோடு மறையும். சிகிச்சைக்குரிய நோயாகவும் நோக்கின் வழி திறக்கும்.

ஆசிரியர் செய்யத்தக்கன

ஆசிரியர் வைத்தியராக வேண்டுவதில்லை, ஆகவும் கூடாது. பேரிடர்க் காலத்து உளமுதலுதவி பற்றி உலக சுகாதார தாபனமும் பிறவும் 2011 இல் வெளியிட்ட கைந்நூல் மூன்று செயல்களைக் கூறும்: நோக்குதல், கேட்டல், இணைத்தல். இவை வகுப்பறைக்கும் பொருந்துவன.

நோக்குதலாவது, பிள்ளையின் மாற்றத்தைக் காணுதல். நேற்றுப் பாடிய பிள்ளை இன்று பாடவில்லையாயின் குறித்துக்கொள்க. கேட்டலாவது, அறிவுரை கூற விரையாது செவிமடுத்தல். பிறர் முன்னிலையில் ‘ஏன் அழுகின்றாய்?’ என்று வினவுதல் கேட்டலாகாது. பிறர் காணக்கூடிய, ஆனால் பிறர் செவிக்கு எட்டாத ஓரிடத்தில் அமர்ந்து, பிள்ளை பேசினும் பேசாவிடினும் பொறுத்திருத்தலே கேட்டலாம். சொன்னதைப் பிறர்க்கு உரைத்து நகையாடலாகாது. எனினும் ‘ஒருவர்க்கும் சொல்லேன்’ என்று வாக்களித்தலும் ஆகாது. என்னையெனின், பிள்ளைக்கு அடியோ தகாத தீண்டலோ நேர்ந்ததாயின் அதனை உரியவரிடம் அறிவித்தல் ஆசிரியரின் கடன். இணைத்தலாவது, தம்மால் இயலாதவிடத்துத் தக்கோரிடம் சேர்ப்பித்தல்.

யாழ்ப்பாணத்தில் போரின் கொடுமைக்கிடையே உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவர்தம் குழுவினரும் ஆசிரியரையும் ஊர்ப் பணியாளரையும் உளவளத்துணைக்குப் பயிற்றினர். சாந்தி ஆசனம், மூச்சுப் பயிற்சி, செபம் போன்ற நமது மரபுவழிகளையும் சிகிச்சைக்குத் துணைக்கொண்டனர். வடக்கில் இயன்றது சப்பிரகமுவையில் இயலாதொழியுமோ?

வைத்தியரை நாடவேண்டிய வேளை

துயர் பல வாரங்கள் நீடித்தாலும், பிள்ளை உணவை ஒறுத்தாலும், இல்லாத குரல் கேட்கின்றது என்றாலும், தன்னைத்தானே காயப்படுத்தினாலும் காலந் தாழ்த்தலாகாது. ‘இருந்தென்ன பயன்’ என்று பிள்ளை சொன்னால், அதனை விளையாட்டென்று விடற்க. சாகும் எண்ணம் உண்டா எனக் கனிவுடன் கேட்பது அவ்வெண்ணத்தை ஊட்டிவிடும் என்பது தவறான அச்சம். கேட்பதால் பிள்ளையின் தனிமையே குறையும். உடனிருந்து, உதவியை அழைத்து, களைநாசினி முதலிய நஞ்சுகளைப் பூட்டி வைத்தல் வேண்டும். 1995 அளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 ஆக இருந்த தற்கொலை வீதம், கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின் இருபதாண்டுகளில் மூன்றிலொரு பங்களவாகக் குறைந்தது. நஞ்சு கைக்கெட்டாதாயின் உயிர் பிழைக்கும் என்பதற்கு நம் நாடே உலகுக்குச் சான்று.

உதவி கிடைக்குமிடங்களையும் அறிந்திருத்தல் நன்று. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் உளர். இரத்தினபுரி போதனா வைத்தியசாலையில் உளமருத்துவப் பிரிவும், கொழும்பு சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர்க்கெனத் தனி உளமருத்துவமும் உண்டு. தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி எண் 1926; தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் எண் 1929. இவ்வீரெண்களையும் மாணவர் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதுவித்தல் ஒவ்வோர் ஆசிரியர்க்கும் எளிது.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம்

நமது மாகாணத்திற் பெரும் இடர் மொழியே. வைத்தியர் சிங்களத்தில் வினவுவார். தாய் தமிழில் அழுவாள். இடையே நின்று மொழிபெயர்ப்பது பாடசாலையிற் சிங்களம் பயின்ற அவள் பிள்ளை. தந்தை அடித்ததையும், தாய் சாக நினைத்ததையும் பத்து வயது நாவால் அந்நியர்க்கு எடுத்துரைக்குமாறு விடுதல் எத்துணைக் கொடிது! அப்பிள்ளை சிலவற்றை மறைக்கும். மறைத்ததால் மருந்து தவறும். மறையாது உரைத்தாலோ அதன் நெஞ்சு நோகும். 1987 முதல் தமிழும் அரசகரும மொழியே; தமிழிற் சேவை பெறுதல் உரிமையே. ஆயினும், அவ்வுரிமை தோட்டத்து வாயில்வரை வந்துசேரும் நாள்வரை நாம் வாளாவிருத்தல் தகாது.

இருமொழியும் கைவந்த பழைய மாணவர் நம்முட் பலர். அரசாங்கப் பணியிலும் வங்கியிலும் வணிகத்திலும் சிறந்து விளங்கும் அவர்கள், திங்களுக்கு ஒரு நாள், சிகிச்சை நாளில், ஒரு தோட்டத்துத் தாயோடு வைத்தியசாலைக்கு உடன் செல்வாராயின், ஒரு பிள்ளையின் தோளிலிருந்து அச்சுமை இறங்கும். அதிபரின் அனுமதியோடும் பெற்றாரின் அறிவோடும், ஒரு மாணவனின் கல்வி நலனை ஆண்டுதோறும் விடாது கேட்டுவரும் ஒரு மூத்தோனாக நிற்றலும் இயலும். இடையில் விடுவதாயின் தொடங்காதிருத்தல் நன்று. கைவிடாமையே இங்கு மருந்து.

விழாக்காலத்தில் கட்டடமும் மணிக்கூண்டும் எழுப்புதல் நன்றே. அவை கண்ணுக்குப் புலனாகும். கண்ணுக்குப் புலனாகாது எழும் கட்டடமும் ஒன்றுண்டு: தன்னை நம்பி ஒருவர் இருக்கின்றார் என்று ஒரு பிள்ளையின் உள்ளத்துள் எழும் உறுதி. கடைசி வாங்கில் வாய்திறவாது அமர்ந்திருக்கும் அப்பிள்ளைக்கு அவ்வொருவர் நாமாவோமாக.